ரேஸுக்கு அல்ல, ரேஷன் கடைக்கு

காரின் சஸ்பென்ஷனை வேண்டியபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விளம்பரம் சொன்னால், அதில் கட்டாயம் ஒரு சிவப்புக் கார் மலைப்பாதையில் சீறிக்கொண்டு போகும். ஓட்டுபவர் கையுறை மாட்டியிருப்பார். பக்கத்து சீட் காலி, டிக்கியில் அரிசி மூட்டை கிடையாது. இந்த வசதி யாருக்கு மிகக் குறைவாகத் தேவையோ அவரைத் தேடிப்பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். பந்தயக் காரில் ஒரே ஆள், அதே தளம், எந்த வளைவு எங்கே வரும் என்பது மனப்பாடம். ஒருமுறை முறுக்கி வைத்தால் போட்டி முடியும்வரை அநேகமாகத் தாங்கும். குடும்பக் கார் அப்படியா? காலையில் ஒருவரை அலுவலகத்தில் விட்டுவிட்டு வந்த வண்டி, மாலையில் ஐந்து பேரையும் இரண்டு சூட்கேஸையும் ஒரு பலாப்பழத்தையும் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்புகிறது. ஆயிரம் கிலோ காரில் நானூறு கிலோ ஏறுகிறது, இறங்குகிறது. தாங்கும் ஸ்பிரிங் மட்டும் இரண்டு வேளைக்கும் அதேதான். ஆகவே இந்த வசதி முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் ரேஷன் கடைக்குப் போகும் கார் என்பது என் கட்சி.

கார் செய்கிறவர்களுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று பல கார்களில் இருக்கும். வண்டி விற்கும் நாள்வரை அதைத் தொடாதவர்களே அதிகம். பின்னால் எடை ஏறினால் வால் தாழ்ந்து மூக்கு நிமிரும், ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். அதைக் குனிய வைக்கத்தான் அந்தச் சக்கரம். வண்டி சாய்கிறது என்று ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் சரிசெய்தது விளக்கை மட்டும். சாய்ந்த வண்டி சாய்ந்தபடியே வேகத்தடைக்கு வந்து சேர்கிறது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (தேர்தலில் நிற்காத காங்கிரஸ் இது) 1988இல் வகுத்த விதி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்றது. இரவோடு இரவாக ஜல்லி கொட்டி எழுப்பப்படும் தடைகள் இந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை. அவற்றின் முன்னால் காரை நிறுத்தி, "எல்லாரும் இறங்குங்க" என்று குடும்பத்தலைவர் ஆணையிடுவதை நாடெங்கும் காணலாம். பாட்டி உட்பட அனைவரும் இறங்க, கார் சில அங்குலம் எழும்பித் தடையைக் கடக்கும். உயரத்தை மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷன் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் முக்கிய உதிரிபாகம் பாட்டி.

பாட்டியை உட்கார வைத்தபடியே இதைச் செய்யலாம் என்பதை பிரான்சில் 1955இலேயே காட்டிவிட்டார்கள். அந்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோயன் நிறுவனம் டிஎஸ் என்ற காரை வைத்தது. முதல் நாளிலேயே சுமார் 12,000 பேர் முன்பதிவு செய்தார்கள். பால் மாஜெஸ் என்ற பொறியாளர் இரும்பு ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, சக்கரத்துக்கு ஓர் உருண்டைக் கலம் வைத்திருந்தார். கலத்துக்குள் ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய், நடுவே ரப்பர் தடுப்பு. எடை ஏறினால் பம்பு கூடுதல் எண்ணெய் அனுப்பி வண்டியைப் பழைய உயரத்துக்கே கொண்டுவரும். நெருக்கப்பட்ட வாயு தானாக இறுகிக்கொள்ளும். கரடுமுரடான பாதை வந்தால் ஒரு நெம்புகோலைத் தள்ளி வண்டியையே தூக்கலாம். டயர் மாற்றவும் அதே வித்தை: தூக்கு, முட்டுக்கொடு, இறக்கு, சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். 1962இல் பெத்தி கிளமார் என்ற இடத்தில் அதிபர் டி கோல் மீது சுட்டபோது, டயர்கள் பஞ்சரான நிலையிலும் அவருடைய டிஎஸ் ஓடித் தப்பியது. ஆனால் இந்தக் காரை அதிபர்கள் மட்டும் வாங்கவில்லை. 1975 வரை சுமார் 14.5 லட்சம் வண்டிகள் விற்றன. அத்தனை அதிபர்களுக்கு பிரான்சில் இடமில்லை.

"எதற்கு இந்தப் பாடு, மெத்தென்று ஒரு ஸ்பிரிங் போட்டால் போதாதா?" என்பார்கள். அதே சிட்ரோயன் 1948இல் காட்சிக்கு வைத்த 2 சிவி காருக்கு, உழுத வயலில் ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது என்பது நிபந்தனை. மெத்தென்ற வண்டி அதைச் செய்யும். அதே வண்டியை முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கு ஓட்டிப் பாருங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி தொட்டிலாக ஆட, முட்டை பிழைத்துக்கொள்ளும், தின்றவர் பிழைப்பது சந்தேகம். குழிக்கு இளக்கம் வேண்டும், வளைவுக்கு இறுக்கம் வேண்டும். இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருக்கும்போது, தொழிற்சாலையில் பூட்டிய ஒரே இறுக்கம் இரண்டுக்கும் அரைகுறையாகத்தான் பொருந்தும். ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் புகுந்து வரும் துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கினால் இந்தச் சண்டை பெருமளவு தீரும்.

"யார் சார் தினமும் திருகுவது?" இது நியாயமான கேள்வி. நம்மூர் சாதாரணப் பைக்குகளின் பின் ஷாக்கில், எடைக்கேற்பத் திருகி மாற்ற ஐந்து படி வைத்திருக்கிறார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், கேஸ் சிலிண்டர் என்று ஏறினாலும், ஷோரூமில் இருந்த படியிலேயே வண்டி காலம் தள்ளும். மனிதரை நம்பிப் பயனில்லை என்பதால்தான் தானாக மாறும் வகைகள் வந்தன. 2002இல் காடிலாக் செவில் காரில் வந்த ஷாக்கின் எண்ணெயில் இரும்புத் துகள் கலந்திருக்கும். மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலத்தில் எண்ணெய் கணப்பொழுதில் கெட்டிப்படும். பழுதானால் செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆரம்பகால டிஎஸ்ஸின் எண்ணெய் ஈரத்தை இழுத்துக் குழாய்களைத் துருவேற்றியது. பின்னர் எண்ணெயையே மாற்ற வேண்டியதாயிற்று. "ரோட்டை ஒழுங்காகப் போட்டால் போதுமே" என்பவருக்கு ஒரு வார்த்தை: நெடுஞ்சாலைத் துறை குழியை மூடும், பலாப்பழத்தை இறக்காது.

மிஞ்சுவது விலை. அதைச் சொல்லிக் கைவிரிப்பவர்கள் அதே ஷோரூமில் கூரையில் கண்ணாடி வைத்த மாடலுக்குக் கூடுதல் பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். வெயிலில் அதைத் திறக்க முடியாது, மழையில் திறக்கக் கூடாது, மற்ற நாளில் தூசி. அடுத்தமுறை "சன்ரூஃப் இருக்கா?" என்பதற்கு முன்னால், "அஞ்சு பேர் ஏறினா வால் எவ்வளவு தாழும்?" என்று கேட்டுப் பாருங்கள். விற்பனையாளர் "ஒரு நிமிஷம் சார்" என்று மேனேஜரைக் கூட்டிவர உள்ளே போவார்.