மேலிடத்து டீஃபால்ட்

தாசில்தார் மாமா துணை வட்டாட்சியராகத்தான் ஓய்வு பெற்றார். விழுப்புரத்தில் அந்தத் 'துணை'யை யாரும் சொல்வதில்லை, அவரும் வற்புறுத்துவதில்லை. 1993-இல் தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமானபோது, கோப்புகளைப் பிரித்து அடுக்கியவர்களில் அவரும் ஒருவர். எந்தக் காகிதம் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. கம்ப்யூட்டர் உட்பட.

இந்த வகை மாமாவை எளிதில் அடையாளம் காணலாம். போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டார். "கிளாரிட்டி போயிடும் மாப்ள." டாக்குமெண்டாக அனுப்பினால் குறையாது என்று சொன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். "போட்டோ எப்படிப்பா டாக்குமெண்ட் ஆகும்? ரெண்டுக்கும் ரெஜிஸ்டர் வேற." ஆகவே மயிலம் பங்குனி உத்திரத் தேர்ப் படங்கள், திண்டிவனத்துச் சம்பந்திக்கு மின்னஞ்சலில்தான் போக வேண்டும்.

படத்தின் மேல் ரைட் கிளிக், 'சென்ட் டு', 'மெயில் ரெசிபியண்ட்'. ஒரு சின்னப் பெட்டி வரும், 'அட்டாச்'. உடனே அவுட்லுக் எழுந்து கணக்கு கேட்கும். அது கம்ப்யூட்டர் விற்றவர் போட்டுக் கொடுத்தது. மாமா அதில் கணக்கே தொடங்கியதில்லை. கேன்சல். மறுபடி அழுத்துவார், மறுபடி கேட்கும், மறுபடி கேன்சல். "ஆபீஸ்ல மெமோ வந்தாலும் இப்படித்தான் ஆறப்போடுவாரு" என்பார் அத்தை.

பிறகு திண்டிவனத்திலிருந்து தங்கை மகன் பஸ் ஏறுவான். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போதே போன் வரும்: "வந்து எதையும் மாத்திடாத. சரி பண்ணிக் குடுத்தா போதும்."

டீஃபால்ட் என்று எதைக் கண்டாலும் இவர்களுக்கு அது அரசாணை. எண்ணும் நாளும் இல்லை என்பது மட்டுமே குறை.

பையன் விளக்குவான். மாமாவின் ஜிமெயில், பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கம். 'சென்ட் டு' வழியாகப் போகும் படத்தை விண்டோஸ், கம்ப்யூட்டரில் நிறுவியிருக்கும் மெயில் புரோகிராமிடம்தான் ஒப்படைக்கும். செட்டிங்ஸில் ஜிமெயிலையே டீஃபால்டாகக் காட்டினாலும், மெயில் முகவரியைக் கிளிக் செய்தால் திறக்குமே தவிர, படம் வந்து ஒட்டிக்கொள்ளாது. மாமாவுக்கு இது சட்டென்று புரிந்துவிடும், அதுதான் வேடிக்கை. "ஓகோ, சர்வீஸ் ரெஜிஸ்டர்ல பேரில்லாத ஆளு. சார்ஜ் ஒப்படைக்க முடியாது. சரி, மாத்த வேணாம்."

பையன் திரும்பும்போது பென்டிரைவில் கொடுத்து அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். அத்தை கேட்டுவிட்டார். "தனியாள் கையில குடுத்தா அனுப்பினதுக்கு ரெக்கார்டு ஏது?"

கடைசியில் அத்தை காபிக்குக் கூப்பிட்டு மாமாவை நாற்காலியிலிருந்து கிளப்புவார். அந்த நேரத்தில் பையன் தண்டர்பேர்டை நிறுவி, ஜிமெயில் கணக்கை அதில் இணைத்து, டீஃபால்ட் ஆக்கிவிடுவான். மாமா வந்து அழுத்தினால் இந்த முறையும் அதே சின்னப் பெட்டி வரும்: படம் எந்த அளவில் போக வேண்டும்? 'மீடியம், 1024 × 768' என்று முன்கூட்டியே குறித்திருக்கும். பட்டியலைத் திறந்தால் 'ஒரிஜினல் சைஸ்' உண்டு. மாமா திறக்க மாட்டார். மேலிடம் குறித்ததில் கை வைக்கவாவது! 'அட்டாச்'.

அவ்வளவுதான். 12 மெகாபிக்சலில் எடுத்த தேர், ஒரு மெகாபிக்சலுக்கும் கீழே இறங்கிவிடும். வாட்ஸ்அப்கூட இத்தனை கறார் கிடையாது. சம்பந்தியோ கருவூலத்தில் ஓய்வு பெற்றவர். அன்று மாலையே போன் செய்வார்: "மெயில்ல வந்துச்சு பாருங்க, அதான் கிளாரிட்டி!"

உங்கள் வீட்டு மாமாவுக்குச் செட் பண்ணிக் கொடுக்கப் போனால், அந்தப் பெட்டியில் 'ஒரிஜினல் சைஸ்' எங்கே இருக்கிறது என்று அத்தைக்குக் காட்டிவிட்டு வாருங்கள். அப்படியே இதையும் சொல்லிவிடுங்கள்: ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்.பி.தான் வரம்பு, தேர் முழுசும் ஒரே மெயிலில் போகாது.