கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு ஃபான்ட்

ஃபான்ட் சேர்க்கும் டிசைனர் செஞ்சி போன்ற ஊர்களின் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் அச்சகங்களிலும் காணப்படுபவர். கோரல் டிராவும் போட்டோஷாப்பும் அவருடைய கருவிகள். எழுத்துருக்கள் அவருடைய சொத்து. கடைக்கு வரும் எந்தப் பென்டிரைவும் தன்னிடமுள்ள ஃபான்ட்டுகளை அவருக்குப் பங்கு வைக்காமல் வெளியேறுவதில்லை. அவை "சென்னைப் பையன் கொடுத்தது", "பழைய சிஸ்டம் டி டிரைவ்", "இதைத் தொடாதே" என்ற ஃபோல்டர்களில் குடியிருக்கும். பாமினி என்ற ஃபான்ட் மட்டும் எல்லா ஃபோல்டரிலும் இருக்கும்.

இந்த ஆசைக்குத் தமிழ்க் கணினியின் வரலாறும் பொறுப்பு. ஒருங்குறி (யூனிகோட்) பரவுமுன் ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் விருப்பப்படி உட்காரவைத்தது. பாமினியில் "அம்மா" என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கணினியில் அம்மா அந்தக் கோலத்திலேயே காட்சி தருவார். வேறொரு நிறுவனத்தின் ஃபான்ட்டைப் போட்டால் தமிழாகிவிடுவார், அம்மாவாக இருக்கமாட்டார். இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்ட 1999இல் சென்னைத் தமிழ்இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் குறியீடுகள் வந்தன; 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இரண்டின்மீதும் டிசைனருக்கு மரியாதை உண்டு. ஆனால் கடையிலுள்ள பழைய போட்டோஷாப் ஒருங்குறித் தமிழின் கொம்பைப் பிடுங்கி இடம் மாற்றி வைப்பதால், அவர் பாமினியோடேயே காலம் தள்ளுகிறார்.

ஸ்ரீலிபி எழுத்துருக்களுக்கு நான்கிலக்க எண்தான் பெயர். வீட்டிலுள்ளவர்களின் கைபேசி எண்ணை மறக்கும் டிசைனர், அந்த எண்களை மறப்பதில்லை. அவருடைய சொந்த வகைப்பாடு வேறு: கண்ணீர் அஞ்சலி, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேகம், கட்சி. கட்சி வகையில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமில்லை. பதவிக்கு ஏற்ப எழுத்தின் தடிமன் கூடும். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின் "ராஜா காலத்து எழுத்து" என்று ஒரு வகையும் சேர்ந்தது. அதில் இருப்பதும் மஞ்சள் நீராட்டு ஃபான்ட்டே.

"அண்ணா, போன ஆடியில கூழ் ஊத்தறதுக்குப் போட்டீங்களே, அதே எழுத்து" என்று வாடிக்கையாளர் சொன்னால் போதும்.

"அதுவா? வளைஞ்சு வளைஞ்சு வருமே!"

அடுத்த நிமிடம் எழுத்து திரையில் நிற்கும்.

ஃபான்ட்டுகளை வகைபிரித்துத் தேடியெடுக்கும் இந்த வேலைக்கென்றே ஃபான்ட் மேலாண்மை மென்பொருள்கள் உள்ளன. நெக்சஸ்ஃபான்ட், ஃபான்ட்பேஸ் ஆகியவற்றைக் காசில்லாமலே பெறலாம். 2016 முதல் கோரலே தன்னுடையதை இணைத்துத் தருகிறது. எல்லா ஃபான்ட்டையும் விண்டோஸில் ஏற்றினால் கோரல் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். மேலாண்மை மென்பொருளோ ஃபான்ட்டுகளை ஃபோல்டரிலேயே விட்டுவிட்டு, வேண்டியதை வேண்டியபோது மட்டும் இயக்கும், குழு பிரிக்கும், மாதிரி காட்டும், இரட்டைப் பிரதிகளைக் காட்டிக்கொடுக்கும்.

மாதிரி காட்டும் இடத்தில்தான் சிக்கல். ஆங்கில மாதிரி வாக்கியம் பாமினியில் பொருளற்ற தமிழாக உளறும். ஒருங்குறியில் "அம்மா" என்று அடித்தால் பழைய ஃபான்ட்டுகளில் அதற்குரிய எழுத்தே இல்லை. கணினி தன்னிடமுள்ள வேறொரு ஃபான்ட்டை இரவல் கொடுக்க, எல்லாம் ஒரே முகமாகத் தெரியும். எந்த ஃபான்ட்டுக்கு எந்த விசையென்று அறிந்தவருக்கே மாதிரி பயன்படும். அதை அறிந்தவருக்கு மாதிரி தேவையில்லை.

ஆகவே டிசைனர் மென்பொருளை நிறுவுவார், அரைநாள் பார்ப்பார். இரட்டைப் பிரதிகளை அழிக்கலாமா என்று அது கேட்கும்போது உறவு முறியும். அதைக் கணினியிலிருந்து நீக்குமுன், அதன் ஃபோல்டருக்குள் புது ஃபான்ட் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நகலெடுத்துக்கொள்வார்.