மூஞ்சி ஒன்று, சரக்கு வேறு

பிர்னோ மடத்துச் சாமியார் கிரிகோர் மெண்டல் 1850இல் ஆசிரியர் தேர்வெழுதிக் கோட்டை விட்டவர். பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று நினைக்காதீர்கள், தற்காலிக வாத்தியாராகவே வருஷக்கணக்கில் ஓட்டினார். மிச்ச நேரத்தில் மாட்டிக்கொண்டவை பட்டாணிச் செடிகள். 1856இல் தொடங்கி எட்டு வருஷம் அவற்றுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். சாமியார் கல்யாணம் செய்துகொள்ளத்தான் தடை, தரகு பார்க்க இல்லையே!

உருண்டைப் பட்டாணிக்கும் சுருங்கல் பட்டாணிக்கும் முடிச்சுப் போட்டார். பிறந்ததெல்லாம் உருண்டை. சுருங்கல் வீட்டாருக்குப் பெருத்த அவமானம். அடுத்த தலைமுறையில் 7,324 விதைகளைப் பொறுமையாக எண்ணினார்: உருண்டை 5,474, சுருங்கல் 1,850. தாத்தா மூஞ்சி பேரனிடம் வந்துவிட்டது!

அதோடு விட்டாரா? உருண்டைகள்மேலேயே சந்தேகம். அவற்றை விதைத்து 565 செடி வளர்த்தார். 193 செடிகள் உருண்டை மட்டுமே காய்த்தன. 372 செடிகளிலோ உருண்டையோடு சுருங்கலும் உட்கார்ந்திருந்தது. விதையாக உள்ளங்கையில் கிடந்தபோது இரண்டு கோஷ்டியும் அச்சு அசல் ஒன்றே.

இதற்கு நேரெதிர் கூத்தைப் பார்த்தவர் டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன். மருந்துக்கடையில் தொழில் பழகி, கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, பட்டம் வாங்காமலே பேராசிரியரானவர். இவர் பீன்ஸ் கொட்டைகளை ஒவ்வொன்றாக எடை போட்டார். தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் ஒரே வம்சத்தில் குண்டுக் கொட்டையை விதைத்தாலும் ஒல்லிக் கொட்டையை விதைத்தாலும், பிள்ளைகளின் சராசரி எடை அசையவில்லை. குண்டும் ஒல்லியும் மண்ணும் நீரும் வெயிலும் செய்த வேலை. உள்ளே சரக்கு ஒன்றுதான்.

ஆக, மெண்டலிடம் மூஞ்சி ஒன்று, சரக்கு இரண்டு. யோஹான்சனிடம் சரக்கு ஒன்று, மூஞ்சி பல. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1909இல் யோஹான்சன் பெயர் சூட்டினார்: உள்சரக்கு ஜீனோடைப், கண்ணுக்குத் தெரிவது பீனோடைப். நம் பாடப்புத்தகத்தில் ஜீனாக்கம், புறத்தோற்றம். ‘ஜீன்’ என்ற பெயரையும் அப்போதே வைத்தார். அது எதனால் ஆனது என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையைப் பார்க்காமலே பெயர் சூட்டிய புண்ணியவான்!

பரீட்சையில் இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெண் பார்க்கப் போய் சொஜ்ஜி பஜ்ஜி தின்றபடி ஓரக்கண்ணால் பார்ப்பது பீனோடைப். ஜீனோடைப்பின் வண்டவாளம் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் தண்டவாளம் ஏறும்.