படைவீடு குடியரசு: ஒரு வரைவுத் திட்டம்

படைவீடு என்ற பழம்பெயர் கொண்ட, திருவண்ணாமலை மாவட்டத்துப் படவேட்டுக்குத் தனிநாடு கேட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்பதற்கு வேண்டிய தகுதியெல்லாம் ஊருக்கு இருக்கிறது. ராஜா இருந்திருக்கிறார். 'மருதரசர் படைவீடு' என்று கல்வெட்டு இருக்கிறது. மேற்கே ஜவ்வாது மலை அரண் கட்டி நிற்கிறது. அங்கிருந்து இறங்கும் கமண்டல நதிக்குக் குறுக்கே செண்பகத்தோப்பு அணை. ஆடி மாதம் ரேணுகாம்பாளைக் கும்பிட வரும் கூட்டத்திடம் தலைக்குப் பத்து ரூபாய் விசா கட்டணம் வாங்கினால் முதல் பட்ஜெட்டில் பற்றாக்குறையே இருக்காது. ஏற்றுமதிக்கு ஆரணிப் பட்டு. கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வர வேண்டும், ஜரிகை சூரத்திலிருந்து வர வேண்டும், நெய்த சேலை காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் போனால்தான் விலை என்பதெல்லாம் சின்னச் சிக்கல். வெளியுறவுத் துறை பார்த்துக்கொள்ளும்.

வரலாற்றுத் துறைக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: படைவீட்டை ஆண்ட சம்புவராயர் கதையை முழுசாகச் சொல்லித் தொலைக்காதீர்கள். முழுசாகச் சொன்னால், அவர்கள் முதலில் சோழனுக்குக் கீழே இருந்த சிற்றரசர்கள் என்பது தெரிந்துவிடும். எதிரிலிசோழ சம்புவராயன் என்று மேலாளும் சோழன் பேரைத் தன் பேருக்கு முன்னால் மாட்டிக்கொண்டவர்கள். இன்று மாவட்டச் செயலாளர் ஃப்ளெக்ஸில் தலைவர் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தன் படத்தை ஓரமாக வைக்கிறாரே, அதே பவ்யம். சோழன் தளர்ந்தான். 1231 வாக்கில் மூன்றாம் ராஜராஜனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான் கோப்பெருஞ்சிங்கன். அவனும் கப்பம் கட்டிக்கொண்டிருந்த சிற்றரசன்தான். சம்புவராயரும் பிறகு சமயம் பார்த்துத் தனி ராஜாவானார்கள். அதிக நாள் நிற்கவில்லை. 1360-களில் விஜயநகரத்துக் குமார கம்பணன் வடக்கிலிருந்து இறங்கினான், தனியரசு முடிந்தது.

அந்தச் சம்புவராயருக்கு இப்போது சாதிச் சான்றிதழ் வாங்க அலைகிறார்கள். ராஜராஜ சோழனுக்கு நாலைந்து சாதியார் ஒரே நேரத்தில் மனு போட்டிருக்கிறார்கள். இருளர் வீட்டுப் பிள்ளையோ காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளையோ படிப்பதற்குச் சான்றிதழ் கேட்டால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும், தாத்தா காலத்துக் காகிதம் வேண்டும், வருஷம் ஓட வேண்டும். செத்து ஆயிரம் வருஷமான ராஜாவுக்கு மட்டும் ஒரே ராத்திரியில், டிஜிட்டல் பேனரில், இரு பக்கமும் சிங்கத்தோடு கொடுத்துவிடுகிறார்கள்.

பெயர் சூட்டும் வைபவத்தில் நமக்கு முன் அனுபவமும் உண்டு. 1989-ல் வட ஆற்காட்டை இரண்டாகப் பிரித்தபோது ஒரு பாதிக்கு அம்பேத்கர் பெயர், நம் பாதிக்குத் 'திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்'. ஆளுக்கொரு மாவட்டம், ஆளுக்கொரு போக்குவரத்துக் கழகம் என்று அரசாங்கம் தியாகிகளையும் மன்னர்களையும் பந்தியில் இலை போடுவதுபோல் வரிசையாகப் பரிமாறிக்கொண்டே போனது. 1997-ல் சுந்தரலிங்கத்தின் முறை வந்தது. கட்டபொம்மனின் தளபதி, வெள்ளைக்காரனோடு சண்டையிட்டுச் செத்தவர். ஆனால் பள்ளர். கட்டபொம்மன் பேர் போட்ட பஸ்ஸில் வருஷக்கணக்கில் ஏறி இறங்கியவர்கள், கட்டபொம்மனுக்காக உயிரைக் கொடுத்தவர் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். தென்மாவட்டம் எரிந்தது. ஏற மறுத்தவர்களை அரசாங்கம் என்ன செய்தது? தமிழ்நாட்டின் எல்லா பஸ்ஸிலிருந்தும், எல்லா மாவட்டத்திலிருந்தும், எல்லாத் தலைவர் பேரையும் அழித்துவிட்டது. சேரன், சோழன், பாண்டியன் மூவரும் டெப்போவில் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். நம் சம்புவராயரும் அந்த வருஷம்தான் இரண்டாம் முறை ஆட்சியை இழந்தார். இந்த முறை படையெடுத்து வந்தது பெயின்ட் டப்பா.

'இதெல்லாம் படிக்காதவன் பிரச்சினை, ஒரே மொழி பேசுகிற இனம் ஒன்றாக நிற்கும்' என்று மேடையில் முழங்குகிற அண்ணன்மாரைச் சோமாலியாவுக்கு ஒரு நடை அனுப்பிப் பார்க்கலாம். அங்கே அநேகமாக எல்லாருக்கும் ஒரே மொழி, ஒரே மதம். 1960-ல் இரண்டு காலனிகள் சேர்ந்து ஒரு நாடானபோது கொடியில் ஐந்து முனை நட்சத்திரம் இருந்தது. அந்த முனைகளின் கணக்குப்படி, எல்லைக்கு வெளியே கிடக்கும் சோமாலியரும் ஒருநாள் வந்து சேர்வார்களாம். 1969-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி சியாத் பர்ரே, குலப்பற்றுக்குக் கொடும்பாவி கட்டிப் புதைக்கவே வைத்தார். புதைத்த கையோடு தன் குலத்தாரையும் தாய்வழிக் குலத்தாரையும் மருமகன் குலத்தாரையும் பதவிகளில் உட்கார வைத்தார். 1988-ல் அவருடைய விமானங்கள் சொந்த நாட்டு நகரமான ஹர்கெய்சாவின் மேலேயே குண்டு போட்டன. 1991 மே 18-ல் வடக்கே சோமாலிலாந்து தனிநாடு என்று அறிவித்துக்கொண்டது. மிச்சமிருந்த சோமாலியா 2000-ல் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தது: நாலரை. நாலு பெரிய குலங்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. மிச்சம் இருக்கிற சிறுபான்மையர் எல்லாருக்கும் சேர்த்து அரைப் பங்கு.

சிரிக்காதீர்கள். நம்மிடமும் ஒரு தசமப் புள்ளி இருக்கிறது. 2021 பிப்ரவரி 26. தேர்தல் தேதி அறிவித்த அதே நாளில், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீதத்திலிருந்து 10.5-ஐ வன்னியருக்கென்று பிரித்துச் சட்டப்பேரவை சட்டம் போட்டது. மீதி 9.5, மற்ற 115 சமூகங்களுக்கு. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் நடத்திய மறியலில் 21 பேர் செத்தார்களே, அவர்கள் கூலிக்கு நாற்று நட்டவர்கள், கரும்பு வெட்டியவர்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆரணி, போளூர் பக்கம் இன்றைக்கும் வன்னியர் வீட்டுப் பையன் பெங்களூருக்கு மூட்டை தூக்கப் போகிறான். அவன் கணக்கை ஒழுங்காக எடுத்து, தரவோடு, நிதானமாகக் கொடுத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கூட்டணிப் பேரத்துக்காக, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கொடுத்தார்கள். நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கொடுத்தவர்களுக்கு நஷ்டம் இல்லை. ஓட்டு அதற்குள் பெட்டிக்குப் போய்விட்டது.

மேடையில் 'தமிழினமே' என்று தொண்டை கிழியக் கூப்பிடுகிறவர், வேட்பாளர் நேர்காணலில் கேட்கிற முதல் கேள்வி 'தொகுதியில நம்மாளு எத்தனை?' என்பது. திராவிட நாடு கேட்டவர்கள் 1963-ல் அதைக் கைவிட்டார்கள். அதற்கு மேல் கேட்கப் பெரிய நாடு எதுவும் மிச்சமில்லாமல் போகவே, கத்தி உள்பக்கம் திரும்பியது. வட தமிழ்நாட்டைத் தனி மாநிலமாகப் பிரி என்று பேசினார் மருத்துவர் ராமதாஸ். 2021-ல் மத்திய அமைச்சர் ஒருவரின் சுயவிவரக் குறிப்பில் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் 'கொங்கு நாடு' என்று வந்தது. எழுத்துப் பிழை என்றார்கள். ஒரு மாநிலமே பிழையாகப் பிறக்கிற தேசம் இது.

இந்தக் கத்திக்கு ஒரு குணம் உண்டு. சோமாலியாவிலிருந்து பிய்த்துக்கொண்டு போன சோமாலிலாந்துக்கு 2023-ல் லாஸ் அனோத் என்ற ஊரில் பதில் கிடைத்தது. அங்கிருந்த குலத்தார், 'உங்கள் தனிநாடு எங்களுக்கு வேண்டாம், நாங்கள் சோமாலியத் தலைநகர் மொகதிசுவோடு இருந்துகொள்கிறோம்' என்று எழுந்தார்கள். பிரிந்து போகும் உரிமைக்காக முப்பது வருஷம் வாதாடிய அரசு, பிரிந்து போகக் கேட்டவர்கள்மேல் பீரங்கி வைத்தது. நம் பக்கம் பீரங்கி தேவைப்படவில்லை. மாநிலத்தைப் பிரிக்கச் சொன்ன ராமதாஸின் கட்சியே 2025-ல் அப்பா இருக்கும் தைலாபுரத்துக்கும் மகன் இருக்கும் பனையூருக்கும் இடையில் பிரிந்துவிட்டது. அப்பா தரப்பு மகனை நீக்கியது; மகன் தரப்பு நானே தலைவர் என்றது. இனம், குலம், வகையறா என்று நறுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் மிஞ்சும். அதுவும் நடுவில் அறுபடும்.

சரி, படைவீடு குடியரசின் வரைபடத்துக்கு வருவோம். தலைநகர், தேர் ஓடும் வீதி, வாழைத் தோப்பு எல்லாம் குறித்தாகிவிட்டது. தலித்துகளின் காலனியை எங்கே போடுவது? இங்கேதான் வரைபடக்காரர் பென்சிலை வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு பக்கம், தென்முடியனூர் என்று ஒரு ஊர். அங்கே முத்துமாரியம்மன் கோயில், அறநிலையத் துறைக் கோயில், அதாவது சர்க்கார் கோயில். தலித்துகள் அதற்குள் முதன்முதலாகக் கால் வைத்தது 2023 ஜனவரி 30. ஆட்சியர் வந்து, போலீஸ் படை வந்து, கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சந்திரனுக்குப் போவதற்கே நாம் இவ்வளவு போலீஸ் வைத்ததில்லை. தமிழில் பேசி, தமிழில் கும்பிட்டு, தமிழில் 'உள்ளே வராதே' என்றார்கள். இடையில் ஒரு வடமொழிச் சொல்கூட நுழையவில்லை. தூய தமிழ் விரோதம். அன்றைக்கு எந்தத் தமிழினத் தலைவர் காலனிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியேறினார்? ஈழத்துக்குக் குரல் கொடுக்க ஓடோடி வருகிற தொண்டைகள் தண்டராம்பட்டுக்கு வரும்போது ஏன் அடைத்துக்கொள்கின்றன? பஸ் வசதி இல்லையா?

2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். 1997-ல் பயன்பட்ட அதே பெயின்ட் டப்பாதான் மறுபடி வெளியே வந்தது. சுடுகாட்டுப் பாதை எங்கே வளைகிறது, தேர் எந்தத் தெருமுனையில் திரும்பிவிடுகிறது என்பதை அழிக்கிற பெயின்ட் இன்னும் விற்பனைக்கு வரவில்லை.

ஆகவே, அரசியல் சட்டம் எழுத நாலரைப் பேர் கொண்ட குழு அமைப்பதென்று உத்தேசம். தலைவர் யார் என்பதில் சண்டை. கொடியில் என்ன நிறம் என்பதில் சண்டை; மஞ்சள் போட்டால் ஒரு சாரார் வெளிநடப்பு, நீலம் போட்டால் இன்னொரு சாரார் கல்லெறி. தேசிய கீதத்தில் எந்த ராஜா முதலில் வர வேண்டும் என்று அடிதடி. யார் சொன்னது நமக்குள் ஒற்றுமை இல்லையென்று? அந்த அரை ஆளாக யாரை உட்கார வைப்பது என்று கேட்டபோது ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசவில்லை. கூட்டம் முடிவதற்கு முன்பே அவருக்கான தனி டம்ளரும் வந்துவிட்டது.