பணத்தைக் கரைத்துவிட்டு வா, தாயே!

முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? கொட்டையின் எண்ணெய் தோலை அரித்து விரல்நுனி கருத்துக் கிடக்கும். ரேகை தேய்ந்திருக்கும். ரேகை விழவில்லையென்றால் இயந்திரத்தைப் பொறுத்தவரை ஆளே கிடையாது. போகட்டும், அது சில்லறைத் தொல்லை.

அவர்களில் ஒருத்தியைப் புருஷன் கைவிட்டுவிட்டான் என்று வையுங்கள். தமிழக அரசு 1986 முதல் கைவிடப்பட்ட பெண்களுக்கு ஓய்வூதியம் தருகிறது. 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். நாளுக்கு 40. இந்தப் பொக்கிஷத்துக்கு வயது 30 ஆகியிருக்க வேண்டும். விவாகரத்தோ நீதிமன்றப் பிரிவுச் சான்றோ வேண்டும். இல்லாவிட்டால் கைவிட்டு 5 ஆண்டாவது கழிந்திருக்க வேண்டும். 22 வயதில் விரட்டப்பட்டவள்? வயிற்றிடம் எட்டு வருடம் வாய்தா வாங்கிக்கொள்ளட்டும்.

விவாகரத்து வாங்கினாலோ இன்னும் கூத்து. 'மொத்தமா ஒரு தொகைய வாங்கிட்டு அத்துவிட்டுடும்மா' என்பார்கள் பெரிய மனிதர்கள். வாங்குகிறாள். அதில் ரெண்டு சென்ட் மனை வாங்கினால் அசையாச் சொத்து. வரம்பு ஒரு லட்சம். தாண்டினால் மனு குப்பைக்கு. வங்கியில் போட்டால் வட்டி வருகிறதே, இவள் எப்படி ஆதரவற்றவள் என்று விசாரணை. அண்ணன் பிடுங்கிக்கொண்டாலோ பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கரைந்தாலோதான் ஏழ்மை சுத்தமாகும். சேமித்தவளுக்குத் தண்டனை. சீரழிந்தவளுக்கு 1,200.

இதே பணத்தை வருமான வரிக்காரர்களிடம் கொண்டுபோனால் மரியாதையே வேறு. பிரதாப்கர் இளவரசி மகேஸ்வரி தேவி வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 1980களிலேயே சொல்லிவிட்டது: மொத்தமாக வரும் ஜீவனாம்சம் மூலதனம், வருமானமல்ல. வரி கிடையாது. மாதாமாதம் வந்தால்தான் வருமானம். இளவரசி கைக்கு வந்தால் வருமானமாகாத பணம், முந்திரிக்காரி கைக்கு வந்ததும் வசதியாகிவிடுகிறது!

இன்னொரு ஓய்வூதியமும் இந்த மாநிலத்தில் உண்டு. முன்னாள் எம்.எல்.ஏ.க்களுக்கு. மாதம் 30,000 ரூபாய்க்கு மேல். வேட்புமனுவில் கோடிக்கணக்கில் சொத்துக் காட்டியவருக்கும் அதே தொகை. மனை எத்தனை சென்ட், வட்டி எவ்வளவு என்று எந்த விஏஓவும் அவர் வாசல்படி ஏறிக் கேட்பதில்லை. யோசித்தால் அவரும் கைவிடப்பட்டவர்தான், வாக்காளரால். ஆனால் அவரை 5 ஆண்டு பட்டினி கிடந்து நிரூபிக்கச் சொல்லும் அரசாணையை மட்டும் இதுவரை எவரும் போடவில்லை.