நடுவே ஒன்றுமில்லாத சதுரம்: ஓர் ஆராய்ச்சி

கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் பிரவேசிக்கும் வித்தியார்த்திகள் அனைவரும், பிற்காலத்தில் வங்கிகளின் கணக்கு வழக்குகளை நிர்வகிக்கப் போகிறவர்களாயினும், விண்கலங்களுக்கு வழி சொல்லப் போகிறவர்களாயினும், அல்லது படித்ததையெல்லாம் அடியோடு மறந்துவிட்டு மாமனார் கடைக் கல்லாவில் உட்காரப் போகிறவர்களாயினும், லூப் என்னும் மடக்கைக் கற்றுக்கொண்ட சூடு ஆறுமுன்னரே, நட்சத்திரக் குறிகளால் ஒரு சதுரத்தை அச்சிட்டு அதன் நடுவை வெறுமையாக விட்டுவிடும்படி கட்டளையிடப்படுகிறார்கள். ஏன் சதுரம், ஏன் நட்சத்திரம், நடுவே ஏன் ஒன்றும் இருக்கலாகாது என்ற மூன்று சந்தேகங்களையும் ஒருவரும் எழுப்புவதில்லை. எழுப்பினால் லேப் நேரம் போய்விடும். ரெக்கார்டு நோட்டில் நோக்கம் என்ற தலைப்பின்கீழ் ‘உள்ளீடற்ற சதுரத்தை அச்சிடுதல்’ என்றும், முடிவு என்ற தலைப்பின்கீழ் ‘புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டது’ என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இத்தனை பேர் இத்தனை சிரத்தையோடு செய்து முடித்தும் எவருக்கும் எள்ளளவு பிரயோஜனமும் விளையாத ஒரு காரியம் உலகில் உண்டென்றால், அதைப் பற்றி இதுவரை விஸ்தாரமான ஆராய்ச்சி எழாதிருப்பது பெருங்குறையே என்று கருதி, அக்குறையை இயன்றமட்டில் நிவர்த்திக்க முற்படுகிறோம்.

முதலில் விஷயத்தின் லட்சணத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒரு மடக்கின் வயிற்றுக்குள் இன்னொரு மடக்கு இருக்கிறது. வெளியில் உள்ளது வரியையும், உள்ளே உள்ளது அவ்வரியின் கட்டங்களையும் எண்ணிக்கொண்டு போகின்றன. வெளி மடக்கின் எண்ணுக்கு ஐ என்றும் உள் மடக்கின் எண்ணுக்கு ஜே என்றும் பெயரிடுவது உலக வழக்கம். கணித நூலார் நெடுங்காலமாகக் கையாண்டுவந்த இவ்வெழுத்துகளுக்கு, 1957இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி, ஐ முதல் என் வரையுள்ள எழுத்துகளில் தொடங்கும் பெயர்களை முழு எண்களுக்கென்றே ஒதுக்கியதன் மூலம் ஒருவகைப் பட்டயமும் அளித்துவிட்டது. பின்னால் வந்த மொழிகள் அந்த விதியைக் கைவிட்டன. ஐயும் ஜேயும் மட்டும் பரம்பரைப் பாத்தியதை கொண்டாடி அப்படியே குடியிருக்கின்றன.

இரண்டாவது லட்சணம் இன்னும் முக்கியமானது. ஆதியில் கம்ப்யூட்டரின் விடைகளைக் காகிதத்தில் அடித்துத் தந்த லைன் பிரிண்டர், ஒரு வரியை அடித்ததும் காகிதத்தை மேலே தள்ளிவிடும்; போன வரி போனதுதான். திரை வந்தபின்னும் தொடக்கநிலைப் புரோகிராம்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆகவே, ஓவியன் ஒருவன் நான்கு கோடு இழுத்து முடித்துவிடும் சதுரத்தை, இங்கே மேலிருந்து கீழாக, வரிவரியாக, திரும்பிப் பார்க்காமல் சிருஷ்டிக்க வேண்டியிருக்கிறது. இடப்பக்கம் என்று ஒரு கோடு இருப்பதாக அந்தப் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு வரியிலும் முதலாவதாக வந்த நட்சத்திரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்துவிட்டபடியால், பார்க்கிறவர்கள் அதைப் பக்கம் என்று அழைக்கிறார்கள்.

இவ்வித்தை நம் வாசற்கோலத்தின் வழித்தோன்றல் என்று கொள்வாரும் உண்டு. கோலம் கம்ப்யூட்டர் சாஸ்திரத்துக்கு அந்நியமானதன்று. சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களுக்கு இலக்கண விதி வகுத்து 1974இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஆயினும் சிக்குக் கோலமிடுகிறவர் புள்ளிகளை வளைத்துக்கொண்டு எங்கெங்கோ சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறார். நம் புரோகிராமுக்கோ மேலே ஏறும் உரிமை கிடையாது. ஆதலால் அக்கொள்கையைத் தள்ளுகிறோம்.

இனி ஐந்து வரிச் சதுரம் ஒன்றைக் கிட்டே இருந்து பார்ப்போம். ஒவ்வொரு கட்டத்திடமும் நான்கு கேள்விகள் கேட்கப்படலாம்: நீ முதல் வரியா? கடைசி வரியா? முதல் கட்டமா? கடைசிக் கட்டமா? ஏதேனும் ஒன்றுக்கு ஆம் என்றால் நட்சத்திரம். நான்குக்கும் இல்லையென்றால் ஸ்பேஸ். டென்னிஸ் ரிச்சி பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய சி மொழியில், முதல் ஆம் கிடைத்ததும் விசாரணை நின்றுவிடும். எனவே முதல் வரியின் ஐந்து கட்டங்களும் ஒவ்வொரு கேள்வியோடு தப்பித்துக்கொள்கின்றன. கடைசி வரிக்காரர்களுக்கு இரண்டிரண்டு. இடப்பக்கத்தின் நடுவிலுள்ள மூவருக்கு மும்மூன்று, வலப்பக்கத்து மூவருக்கு நந்நான்கு. நடுவிலுள்ள ஒன்பது கட்டங்களோ நான்கு கேள்விகளுக்கும் பொறுமையாக இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டு, வெகுமதியாக ஒன்றுமில்லாததைப் பெற்றுக்கொண்டு போகின்றன. கூட்டிப் பார்த்தால் கேள்விகள் மொத்தம் 72. அவற்றில் சரிபாதியாகிய 36 கேள்விகள், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அந்த ஒன்பது கட்டங்களின் பொருட்டுச் செலவானவை. இந்தக் கணக்கே நம் சித்தாந்தத்துக்கு ஆதாரம்: உள்ளீடற்ற சதுரத்தில் உழைப்பெல்லாம் நட்சத்திரத்துக்கு என்று நினைப்பது மயக்கம், அங்கே பிரயாசைப்பட்டு அச்சிடப்படுவது வெறுமையே.

இதற்குப் பூர்வபட்சிகள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு. வெறுமை என்பது ஒன்றும் செய்யாதிருப்பதுதானே, அதை ‘அச்சிடுவது’ எங்ஙனம் என்பார்கள். அப்படிச் சொல்லுகிறவர்கள் ஸ்பேஸை அச்சிடும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கட்டும். முதல் வரியிலும் கடைசி வரியிலும் ஐந்தைந்து நட்சத்திரங்கள் நிற்க, நடுவிலுள்ள மூன்று வரிகளிலும் இரண்டிரண்டு நட்சத்திரங்கள் இடப்பக்கத்து ஓரமாக ஒட்டிக்கொண்டு, பேருந்தில் இடம் பிடித்தவர்களைப்போல நெருக்கி உட்கார்ந்துவிடும். வெறுமை தானாக உண்டாவதில்லை.

நம் நாட்டுத் தார்க்கிகர்கள் அபாவம் என்னும் இல்லாமையை ஏழாவது பதார்த்தமாக வைத்து எண்ணியபோது சிரித்தவர்கள் உண்டு. கம்ப்யூட்டரோ அவர்கள் கட்சியைச் சேர்ந்தது. 1963இல் முதன்முதலாக வெளியான ஆஸ்கி என்னும் எழுத்தட்டவணையில் ஸ்பேஸுக்கு 32 என்று தனி எண்ணே தரப்பட்டிருக்கிறது. நட்சத்திரத்தின் எண் 42. வரியை முடித்து அடுத்த வரிக்கு இறக்கும் குறியின் எண் 10. நட்சத்திரத்திலிருந்து வெறுமையைக் கழித்தால் மிஞ்சுவது அடுத்த வரி என்ற இந்த அற்புதத்தை யதேச்சை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். தார்க்கிகர் வகுத்த நால்வகை அபாவங்களும் இங்கே குறைவின்றிக் கிடைக்கின்றன: வரி அச்சாகுமுன் இருப்பது பிராகபாவம், திரையைத் துடைத்தபின் இருப்பது பிரத்வம்சாபாவம், நட்சத்திரம் ஸ்பேஸ் அன்று என்பது அந்நியோந்நியாபாவம், நடுவயிற்றில் என்றென்றைக்கும் நட்சத்திரம் இல்லாமை அத்தியந்தாபாவம். சிக்கனம் கருதியே நடுவை விட்டார்கள் என்னும் அபிப்பிராயமும் இதனால் அடிபட்டுப் போகிறது. நிறைந்த சதுரமாயினும் வெற்றுச் சதுரமாயினும் கோப்பில் எழுதிவைத்தால் வரி முடிவுக் குறிகளோடு சேர்த்து முப்பது எழுத்துகளே. ஒரு பைட்டு கூட மிச்சமில்லை. பிரிண்டரில் அடித்தால் மை கொஞ்சம் மிச்சமாகலாம்.

சதுரத்தை விட்டு நட்சத்திரப் பிரமிடுக்கு வந்தால் வெறுமை மூன்று ஜாதிகளாகப் பிரிகிறது. உருவத்துக்கு முன்னே நின்று அதை நடுவுக்குத் தள்ளுவது முன்வெறுமை. இது இல்லாவிட்டால் பிரமிடு குடை சாயும். உள்ளே இருப்பது உள்வெறுமை. கடைசி நட்சத்திரத்துக்குப் பின்னால் அஜாக்கிரதையாக விடப்படுவது பின்வெறுமை. இது எவர் கண்ணுக்கும் தெரியாது, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் திருத்தும் இயந்திரத்தின் கண்ணைத் தவிர. திரையில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத விடைக்கு அந்த இயந்திரம் பூஜ்யம் போட, மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனாலேதான்.

இவ்விடத்தில் மதுரையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போவது தர்மமாகாது. 1806இல் அந்நகரில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஒருவருக்குப் பிள்ளையாகப் பிறந்து, குழந்தையாகவே இங்கிலாந்துக்குப் போய், பிற்காலத்தில் லண்டனில் கணிதப் பேராசிரியராக விளங்கிய அகஸ்டஸ் டி மார்கனின் பெயரால் வழங்கும் தர்க்க விதி ஒன்று உண்டு: ‘அல்லது’ என்று கோத்த வாக்கியத்தை மறுத்தால், ஒவ்வோர் உறுப்பும் மறுக்கப்படுவதோடு ‘அல்லது’ என்பது ‘மேலும்’ என்று மாற வேண்டும். ஓரத்தின் நிபந்தனையிலிருந்து நடுவின் நிபந்தனையை வருவிக்க விரும்புகிறவருக்கு இதைவிட்டால் வேறு கதியில்லை. முதல் வரியாகவோ கடைசி வரியாகவோ முதல் கட்டமாகவோ கடைசிக் கட்டமாகவோ இருப்பது ஓரம். முதல் வரியும் அன்று, கடைசி வரியும் அன்று, முதல் கட்டமும் அன்று, கடைசிக் கட்டமும் அன்று என்பது நடு. இந்த உம்மைகளைக் கவனியாது, ‘முதல் வரியாக இல்லாவிட்டால் அல்லது கடைசி வரியாக இல்லாவிட்டால் ஸ்பேஸ்’ என்று எழுதுகிற மாணவரின் கதி என்ன? எந்த வரியும் ஏககாலத்தில் முதலும் கடைசியுமாக இருக்க முடியாதாகையால், நிபந்தனை எக்காலத்தும் மெய்யாகி, இருபத்தைந்து கட்டங்களிலும் ஸ்பேஸே விழுகிறது. திரையில் ஒன்றும் இல்லை. உள்ளீடின்மை பரிபூரணமாகச் சித்தித்த சதுரம் அதுதான். வெறுமையின் உயர்ந்த படிநிலை என்று நாம் அதைப் போற்றினாலும், தேர்வாளர்கள் ஒப்புவதில்லை.

மற்றொரு பிழை இதற்கு நேர் விரோதமானது. ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறி இடவேண்டிய சி மொழியில், முதல் கேள்வியில் மட்டும் ஒரு சமக்குறியோடு நிறுத்திக்கொண்டால், நீ முதல் வரியா என்ற வினா, நீ முதல் வரியாகக் கடவாய் என்ற ஆக்ஞையாக மாறிவிடுகிறது. ஒவ்வொரு வரியும் பணிந்து முதல் வரியாகிவிட, இரண்டாம் வரிக்கு அப்பால் போக வழியின்றி, நட்சத்திரம் நிறைந்த வரிகள் முடிவில்லாமல் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். டர்போ சியின் நீலத்திரையில் பயின்ற தலைமுறையினர், கன்ட்ரோலையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தி இப்பிரவாகத்தை நிறுத்தப் பழகியவர்கள்.

நட்சத்திரங்களின் தொகையைப் பற்றி இதுவரை யாரும் போதிய அளவு வியக்காத ஒரு செய்தி இருக்கிறது. ஐந்து வரிச் சதுரத்தின் ஓரத்தில் 16 நட்சத்திரங்கள். அதாவது வரி எண்ணிக்கையை நான்கால் பெருக்கி நான்கைக் கழிக்க வேண்டும். அடி முழுவதும் இடைவெளியின்றி நிறைந்த ஐந்து வரி வெற்றுப் பிரமிடுக்கு, உச்சியில் ஒன்று, நடு மூன்று வரிகளில் ஆறு, அடியில் ஒன்பது, ஆக 16. அந்தப் பிரமிடின் உயரத்தை மேலும் கீழுமாக வைத்து ஒன்பது வரியில் அமைக்கும் வெற்று வைரத்துக்கும், இரு முனைகளில் இரண்டு, இடையே ஏழு வரிகளில் பதினான்கு, ஆக 16. உருவம் எதுவாயினும் செலவு ஒன்றே. வரி ஒன்றேயாகும்போது மாத்திரம் இச்சூத்திரம் பொய்த்துப்போய்ப் பூஜ்யம் என்று சொல்ல, புரோகிராமோ அதைச் சட்டை செய்யாமல் ஒற்றை நட்சத்திரத்தை அடித்துவிடுகிறது. ஒற்றை நட்சத்திரம் உள்ளீடற்றதா அன்றா என்பதை வேறொரு கட்டுரைக்கு ஒத்திவைக்கிறோம்.

இவ்வளவும் சொன்னபின், அச்சாகும் சதுரம் சதுரமே அன்று என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திரையில் ஓர் எழுத்துக்குரிய கட்டம் அகலத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரமுடையதாகையால், ஐந்துக்கு ஐந்து என்பது நெட்டையான செவ்வகமாகவே காட்சி தருகிறது. நட்சத்திரத்தை அடுத்து ஒரு ஸ்பேஸ் சேர்த்து இதைச் சரிப்படுத்துவோர் ஒரு சாரார். அது விதிக்குப் புறம்பென்று கண்டிப்போர் மற்றொரு சாரார். இதேபோல், வரிகளையும் கட்டங்களையும் எண்ணுவதை ஒன்றில் தொடங்குவதா பூஜ்யத்தில் தொடங்குவதா என்ற விவாதத்தில், 1982இல் கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா பூஜ்யத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கரும்பலகைகள் இன்னும் ஒன்றையே அனுசரித்து வருகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய கலகம் பைத்தான் மொழியினால் விளைந்தது. அம்மொழியில் ஸ்பேஸை மூன்றால் பெருக்கினால் மூன்று ஸ்பேஸ் கிடைக்கும். முன்னும் பின்னும் ஒவ்வொரு நட்சத்திரம் ஒட்டினால் வரி முடிந்தது. உள் மடக்கே வேண்டியதில்லை. 2018ஐ ஒட்டி வந்த தமிழகப் பாடநூல்களில் பிளஸ் ஒன்னுக்கு சி பிளஸ் பிளஸும் பிளஸ் டூவுக்குப் பைத்தானும் வைக்கப்பட்டிருப்பதால், ஒரு மாணவர் முதல் ஆண்டில் 72 கேள்விகள் கேட்டுப் பெற்ற வெறுமையை, மறு ஆண்டில் வாய்பாட்டினால் பெற்றுவிடலாம். சௌகரியம்தான். ஆனால் நான்கு கேள்விகளுக்கும் இல்லை என்று விடை சொல்லி வெறுமை அடைந்த கட்டத்தை அவர் அங்கே சந்திப்பதில்லை. ஆகவே இம்மார்க்கத்தை முதலில் கற்பிக்கலாகாது என்பதே நம் துணிபு.

ஆகையால் தேர்வாளப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். விடைத்தாளில் வெற்றுச் சதுரத்தைக் காணும்போது ஓரத்து நட்சத்திரங்களை மட்டும் விரல்விட்டு எண்ணி மதிப்பெண் இடாமல், மாணவர் சிரமப்பட்டு நடுவே இட்ட ஸ்பேஸ்களையும் தயவுசெய்து எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து வரிச் சதுரத்தில் அவை ஒன்பது.