நியூ ஜெர்சியில் டபுள் டியூட்டி

எடிசன், நியூ ஜெர்சி
ஜூலை மாதம்

அன்புள்ள டிரைவர் அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் சிரிப்பீர்கள். வாட்ஸ்அப்பில்தான் முகம் பார்த்துக்கொள்கிறோமே! ஆனால் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நீங்கள் சாவகாசமாகக் கூப்பிடும்போது இங்கே காலை பத்தரை. சின்னவன் என் தோளில் ஏறியிருப்பான். பேச எங்கே முடிகிறது? அதனால்தான் கடிதம்.

“ரிட்டயர் ஆனவனுக்கு அங்க என்னய்யா வேலை?” என்று கேட்டீர்கள். ஜூன் கடைசியில் பள்ளிக்கூடத்தைச் சாத்தினால் செப்டம்பரில்தான் திறக்கிறார்கள். மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் கிளம்பியதும், ஒன்பது வயதுப் பேத்திக்கும் ஐந்து வயதுப் பேரனுக்கும் நான்தான் டிப்போ மேனேஜர். ஃபிரிட்ஜ் கதவில் மகள் ஒரு டிரிப் ஷீட் ஒட்டியிருக்கிறாள். பழம் எத்தனை மணிக்கு, படிப்பு எத்தனை மணிக்கு, டிவி எத்தனை நிமிஷம், எல்லாம் அதில் இருக்கிறது. மதுரை–தேனி லைனில்கூட உசிலம்பட்டியில் நமக்கு ஒரு டீ உண்டு. இதில் அது இல்லை.

பேத்தியை சம்மர் கேம்ப்புக்கு மஞ்சள் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். அண்ணே, அந்த பஸ்ஸை நீங்கள் பார்க்கணும். அது நின்று, சிவப்பு விளக்கு மின்னி, பக்கத்திலிருந்து ‘ஸ்டாப்’ பலகை கை நீட்டியதும் பின்னால் வருகிறவன், எதிரே வருகிறவன் எல்லாரும் நிற்க வேண்டும். அதுவும் 25 அடி தள்ளி. இந்த ஊர்ச் சட்டம். ஆண்டிபட்டியில் ஆள் இறங்குவதற்குள் இடது பக்கம் புகுந்து போவானே டூவீலர்க்காரன், அவனை இங்கே ஒரு நாள் கொண்டுவந்து விடணும். ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது! டிரைவர் அம்மாவே கதவைத் திறந்து, கதவை மூடி, பிள்ளைகளையும் அதட்டிக்கொள்கிறார். ‘போலாம் ரைட்’ சொல்ல ஆளில்லாமலே வண்டி கிளம்பிவிடுகிறது. எனக்கு அது இன்னும் பழகவில்லை.

காருக்கு வேறு சட்டம். 8 வயது ஆகும்வரை, அல்லது 57 அங்குலம் வளரும்வரை, பின்சீட்டில் தனி இருக்கை போட்டு வார் மாட்ட வேண்டும். அரை டிக்கெட்டுக்காக நம் தாய்மார்கள் வளர்ந்த பையனை முழங்காலை மடக்கச் சொல்லி நிறுத்துவார்களே, ஞாபகம் இருக்கிறதா? சின்னவன் அப்படியே தலைகீழ். அந்த இருக்கையிலிருந்து தப்பிக்கக் கதவோரம் குதிகாலைத் தூக்கி நின்று அளக்கச் சொல்கிறான்.

அடுத்தது நீச்சல் குளம். அது குடியிருப்புக்குள்ளேயே இருக்கிறது. பத்தடி நடந்தால் போதும். அதற்குக் கால் மணி நேரம் முன்பே சன் ஸ்கிரீன் பூசணும். தேனி வெயிலில் வெந்த வம்சத்துக்கு இது எதற்கு என்று கேட்டால் மகள் முறைக்கிறாள். ட்யூபை எடுத்ததும் பயல் சோபாவுக்குப் பின்னால் பதுங்கிவிடுகிறான். காலைப் பிடித்து இழுத்தால் முதுகு கிடைக்கும், முதுகைப் பூசினால் முகம் ஓடிவிடும். கடைசியில் சோபாவுக்குப் பாதி, என் பனியனுக்குக் கால்வாசி, மிச்சம் அவனுக்கு. நெற்றி நிறைய வெள்ளையாகத் தீற்றிக்கொண்டு பழனிக்குப் பாதயாத்திரை போகிறவன் மாதிரி நிற்கிறான். ரெண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் பூசணுமாம்.

குளத்தில் ஒரு உயர நாற்காலி. அதில் காலேஜ்கூட எட்டாத ஒரு பெண் கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒரே விசில்; தண்ணீருக்குள் இருந்த அத்தனை பிள்ளைகளும் கரையேறிவிட்டன! கொஞ்ச நேரம் பிள்ளைகளுக்கு ஓய்வாம். நான் எத்தனை வருஷம் ஊதியிருப்பேன், ஒரு ஆளாவது படியை விட்டு உள்ளே போயிருப்பானா?

கேம்ப்பில் கடலை ஆகாது. ஏதோ ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதாம், அதனால் யாருமே கொண்டுவரக் கூடாது. நியாயம்தான். அந்தப் பயத்தில் மகள் வீட்டிலும் தடை போட்டுவிட்டாள். நீங்கள் கொடுத்தனுப்பிய கோவில்பட்டி கடலை மிட்டாய் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. எல்லாரும் தூங்கியபின் ஒவ்வொன்றாகக் கணக்கு முடித்துவருகிறேன்.

தூக்கம் என்றதும்தான் பெரிய வம்பு. இங்கே எட்டரைக்குத்தான் பொழுதே சாய்கிறது. “வெளிச்சமா இருக்கே தாத்தா, இது எப்படி ராத்திரி?” என்று பேத்தி சட்டம் பேசுகிறாள். பதில் சொல்ல வழியில்லாமல் மாடிப்படியில் பஸ் விளையாட்டு. மேல்படியில் அவள் டிரைவர், என் பழைய டிக்கெட் கட்டைப் பிடுங்கிக்கொண்டு சின்னவன் கண்டக்டர். நான் சீட்டில் உட்காரப் போனால் “சீட் இல்லை, தாத்தா தொங்கிட்டு வாங்க” என்கிறான். வாழ்நாள் பூராவும் “உள்ளே வாப்பா, உள்ளே வாப்பா” என்று தொண்டை வறண்டவன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தேனிவரை தொங்கினேன். கேட்டால் எனக்கு முழு டிக்கெட்டாம். சீனியர் சிட்டிசன் சலுகையெல்லாம் கிடையாதாம்.

இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகஸ்டில் அந்தப் பக்கமிருந்து யாராவது வந்தால் கோடாலித் தைலம் ரெண்டு பாட்டில் கொடுத்தனுப்புங்கள். கடலை மிட்டாயும் தீரப்போகிறது.

இப்படிக்கு,
உங்கள் கண்டக்டர்